மொண்ணைக் கத்தி

எங்கள் வீட்டில் அப்பா என்னோடு பேசாமல் இருந்த காலத்தில், எனக்கான பேச்செல்லாம் அம்மா வழியாகத்தான் வந்தது. "அவளைச் சாப்பிடச் சொல்லு." "நாளைக்கு அவ வர லேட்டாகுமான்னு கேளு." நானும் அதே கூடத்தில், அதே ஃபேனுக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பேன். அம்மா என் பக்கம் திரும்பி, "காதுல விழுந்துச்சுல்ல?" என்பாள். விழுந்தது என்று நானும் அம்மாவிடமே சொல்வேன். எனக்கும் ரோஷம் உண்டு.

கல்யாணமாகி மதுரைக்குப் போன நான், அங்கே இருக்க முடியாமல் ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்த நாளிலிருந்து இப்படி. மாப்பிள்ளைக்கு அவர்கள் சொன்ன வேலை இல்லை; சொல்லாத குடி இருந்தது, கைநீட்டும் பழக்கமும் இருந்தது. நான் ஒரு பையோடு வந்து நின்றபோது அப்பாதான் கதவைத் திறந்தார். பையை வாங்கி உள்ளே வைத்தார். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். போனவர் போனவர்தான், அதோடு என்னிடம் பேச்சு நின்றது. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், மகள் வாழாமல் வந்துவிட்டாளே என்று மனுஷருக்குக் கோபம், என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். கோபமாக இருப்பவரிடம் நானாகப் போய் ஏன் பேச வேண்டும்?

கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த லேபிலேயே, திருச்சி மன்னார்புரத்தில், என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் எடுப்பது என் வேலை. நான் எடுத்தால் வலிப்பதில்லை என்று என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு. நரம்பே தெரியாத குண்டு கைகளிலும், காய்ந்துபோன வயோதிகக் கைகளிலும், ஆள்காட்டி விரலை வைத்துத் தடவியே இடம் கண்டுபிடித்துவிடுவேன். திரும்பி வந்த பிறகு அந்தக் கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஊசியின் மூடியைக் கழற்றும் வரை சாதுவாக இருக்கும். தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் நடுங்க ஆரம்பிக்கும். ஒரு நாள் ஒரு அம்மா என் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையை இழுத்துக்கொண்டாள். "வேற யாராவது இருக்காங்களா?" என்று என் தலைக்கு மேலே பார்த்துக் கேட்டாள். மறுநாள் இன்சார்ஜ் மேடம் என்னை ரிசப்ஷன் கவுன்ட்டருக்கு மாற்றினார்.

டாக்டரிடம் காட்டினேன். நரம்பில் கோளாறு இல்லையாம். மனசு அடங்கினால் கையும் அடங்கும் என்றார். மனசை எந்தக் கடையில் அடக்கித் தருகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை.

கவுன்ட்டர் வேலை ஒன்றும் இழிவில்லை. ஆனால் எனக்கென்று, நானே சம்பாதித்தது என்று, அந்தக் கை ஒன்றுதான் இருந்தது. புருஷன் வீடு போயிற்று, அப்பாவின் பேச்சு போயிற்று. கையும் போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வருவேன்.

அப்படி ஒரு சாயங்காலம், காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போய்க்கொண்டிருந்தபோது, ஃபோனில் ஒரு வீடியோ வந்தது. முகம் தெரியவில்லை. ஒரு பெண்ணின் கை மட்டும். அதில், இரண்டு கைப்பிடிகளுக்குள் மடங்கும் ஒரு பட்டாம்பூச்சிக் கத்தி விரிந்து, மூடி, விரல்களைச் சுற்றி வந்து மறுபடி உள்ளங்கையில் அடங்கியது. கத்தியைவிட அந்தக் கைதான் என் கண்ணில் நின்றது. அவ்வளவு சாவதானமான கையை நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆன்லைனில் நான் வாங்கியது பயிற்சிக் கத்தி. ஆரம்பத்தில் இருப்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும் என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதைக் கத்தி என்று சொன்னால் கத்திக்கு அவமானம். கத்தியின் உருவத்தில், வரிசையாகத் துளை போட்ட ஒரு கனத்த தகடு; அதன் அடியில் இரண்டு கைப்பிடிகள். வாழைப்பழத்தைக்கூட அதனால் நறுக்க முடியாது. கூர் உள்ள கத்தியில், மூடும்போது கூரான பக்கம் ஒரு கைப்பிடிக்குள் போய் உட்காரும். அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சுழற்றினால் விரலில் இறங்கிவிடும். மற்றதைப் பிடித்தால் கத்தியின் முதுகுதான் படும். மொண்ணைத் தகட்டில் எதைப் பிடித்தாலும் ஒன்றுதான் என்றாலும், கூர் இருப்பதாகவே நினைத்துப் பழக வேண்டும் என்றார்கள். நான் பிடிக்க வேண்டிய கைப்பிடியில் சிவப்பு நூலைச் சுற்றிக்கொண்டேன்.

மொட்டை மாடியில் பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதன் முன்னால் நின்று பழகினேன். காலில் ஷூ கட்டாயம். "மாடியில ஷூ போட்டுக்கிட்டு என்னடி, மிலிட்டரியில சேரப் போறியா?" என்று அம்மா துணி உலர்த்த வரும்போதெல்லாம் கேட்பாள். யாராவது மாடிக்கு வந்தால் உடனே மூடி வைத்துவிடுவேன். தொடங்குவதற்கு முன் இரண்டு திருகாணியும் இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் மேலான விதி, கைதவறி விழும் கத்தியைப் பிடிக்கப் போகக் கூடாது என்பது. கையை எடு, காலை நகர்த்து, விழட்டும். இதைப் பழகத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. விழுவதைப் பாய்ந்து பிடிப்பதுதான் நல்ல பெண்ணுக்கு அழகு என்று வளர்ந்தவள் நான். என் கல்யாணம் விழுந்துகொண்டிருந்தபோது, பிடி, பிடி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். விட்டுவிடு, உன் கை முக்கியம் என்று ஒருவர் சொல்லவில்லை. மாடியில் அது ஜமுக்காளத்தில் தொப்பென்று விழும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு குனிந்து எடுத்துக்கொள்வேன்.

வெகு நாட்கள் ஒரே ஒரு அசைவைத்தான் செய்தேன். திறப்பது, மூடுவது. வேகமாகச் செய்ய ஆசை வரும், செய்யக் கூடாது. இறுக்கிப் பிடித்தால் கைப்பிடி சுழலாது. தளர்த்தினால் தானாகச் சுழலும். ஒரு நாள் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி புரிந்தது: நான் ஊசியையும் இப்படித்தான் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் அங்கிருந்துதான் வந்தது.

கீழே அப்பாவுக்கு அந்த டக் டக் சத்தம் கேட்டிருக்கிறது. "மேல என்ன சத்தம்?" என்று அம்மாவைக் கேட்டாராம். கை நடுக்கத்துக்கு ஏதோ பயிற்சியாம், கத்தி ஒண்ணு வாங்கியிருக்கா, என்று அம்மா சொன்னாளாம். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. அது மொண்ணை என்பதையும், ஏன் மொண்ணை என்பதையும் அம்மா சொல்லவில்லை. அவளுக்கும் சரியாகத் தெரியாது. கழன்றுகொண்டிருந்த ஒரு திருகாணி ஒரு நாள் நன்றாக இறுகியிருந்தது. நானே இறுக்கியிருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

புரட்டாசிக்குள் கை நன்றாகத் தேறியிருந்தது. லேபில் மதிய நேரத்தில், ரத்தம் எடுத்துப் பழகுவதற்கென்று இருக்கும் ரப்பர்க் குழாயில் ஊசி போட்டுப் பார்த்தேன். மேடம் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். "பூஜை லீவு முடிஞ்சு வந்ததும் உள்ள வந்துடுங்க. கவுன்ட்டருக்கு வேற ஆள் போட்டுக்கறேன்" என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் என் கையை நான் பார்க்கவே இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அம்மாவுக்குப் பூ வாங்கினேன்.

அப்பா திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குத் தீபாவளியைவிட ஆயுத பூஜை பெரிது. பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே வீட்டிலுள்ள அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, கத்தரிக்கோல் எல்லாம் அவர் வசம் போய்விடும். துரு போக்கி, எண்ணெய்க் கல்லில் தீட்டி, புதுசு போலத் திரும்பி வரும். மொண்ணையாக ஒன்றையும் சாமி முன்னால் வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்த வருஷம் அம்மா என்னிடமும் வந்தாள். "உன் கத்தியையும் கொடு. பூஜையில வைக்கணும்."

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன, கொடேன்."

கொடுத்தேன். அப்பா சொல்லித்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது. கொல்லைப்பக்கம் கல்லில் இரும்பு உரசும் சத்தம் மூன்று நான்கு நாள் கேட்டது. அரிவாள்மணை என்று நினைத்தேன்.

பூஜையன்று பலகையில் அவருடைய ஸ்பேனர்களுக்கும் அம்மாவின் கத்தரிக்கோலுக்கும் நடுவில் என் கத்தி இருந்தது. எல்லாவற்றையும் போல அதற்கும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார். கற்பூரம் காட்டியபோது தட்டை அதன் முன்னால் கொஞ்சம் நிறுத்திக் காட்டினார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதாகவே இருக்கட்டும், எனக்கு அது போதுமாக இருந்தது. பூஜையில் வைத்த எதையும் அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில், மறுபடி கும்பிட்டுவிட்டு, அவரவர் தங்கள் ஆயுதத்தைச் சந்தனம் குங்குமத்தோடு அப்படியே எடுத்து, கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும். அம்மா ஒரு கத்தரிக்காய் நறுக்கினாள். அப்பா ஸ்கூட்டரில் ஏதோ ஒரு நட்டைத் திருகினார். "நீயும் போய் ஒரு தடவை செஞ்சுட்டு வா" என்றாள் அம்மா.

மாடிக்குப் போனேன். ஷூ போட்டேன். ஜமுக்காளத்தை மடித்துப் போட்டேன். திருகாணிகளை ஆட்டிப் பார்த்தேன். சிவப்பு நூல் சுற்றிய கைப்பிடியைத்தான் பிடித்தேன். எல்லாம் விதிப்படிதான் செய்தேன். பயிற்சிக் கத்தியில் கூர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தகடு சுழன்று வந்து ஆள்காட்டி விரலின் மேல் தட்டும், எப்போதும் தட்டுவதுதான். இரண்டாவது சுற்றில் சந்தனம் சிவப்பாகத் தெரிந்தது. ஈரத்தில் குங்குமம் கரைகிறது என்றுதான் நினைத்தேன். அடுத்த சுற்றில் கை வழுக்கியது. பழகியபடியே கையை எடுத்தேன், காலை நகர்த்தினேன். கத்தி ஜமுக்காளத்தில் விழுந்து, குத்தி, நேராக நின்றது. மொண்ணைத் தகடு அப்படி நிற்காது. அப்புறம்தான் விரலைப் பார்த்தேன். தினமும் பிறர் ரத்தத்தைப் பார்ப்பவள்தான். என் விரலுக்குள் வெள்ளையாக எதுவோ தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்று கத்தினேன்.

முதலில் ஓடி வந்தவர் அப்பா. நின்றுகொண்டிருந்த கத்தியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

"நான்தான்," என்றார். "நான்தாம்மா சாணை போட்டேன்."

நான் திரும்பி வந்த பிறகு அப்பா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கு உயிர் போகிற வலி. "வலிக்கலப்பா" என்றேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். துண்டால் இறுக்கி, கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். பாலம் முழுக்க விஜயதசமிக் கூட்டம், வண்டி நகரவில்லை. வழி நெடுக அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். தன் கை மரத்துப்போன பிறகும் மாற்றிப் பிடிக்கவில்லை. தையல் போட்டார்கள். தசைநார் முழுதாக அறுபடவில்லை, ஆனால் விரல் எவ்வளவு மடங்கும் என்பது கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். லீவு முடிந்து லேபில் உள்ளே போக வேண்டியவள் நான். நரம்பு தேடும் அதே விரல்.

வெளியே பெஞ்சில் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எடுத்துப் பார்த்தேன். கூரே இல்ல. காசை வாங்கிக்கிட்டு மொண்ணைக் கத்தியைக் கொடுத்து உன்னை ஏமாத்திட்டான்னு நினைச்சேன். தடிமன் அதிகம், வீட்டுக் கல்லுல ஆகல. திருவெறும்பூர் போயி, பழைய சிநேகிதர் பட்டறையில மெஷின்ல வெச்சு ஓரத்தைத் தேச்சு எறக்கிட்டு வந்து தீட்டினேன். ஒரு பக்கம் மட்டும் போட்டா அரைகுறையா இருக்கும்னு ரெண்டு பக்கமும் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்றார். "அவன் வீட்டுக்காரங்க சொன்னதைக் கேட்டேன், ஜாதகத்தைப் பார்த்தேன், போதும்னு விட்டுட்டேன். ஒரு தடவை மதுரைக்குப் போயி அக்கம்பக்கத்துல விசாரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். ஃபேக்டரியில ஒரு போல்ட்டை அளக்காம வாங்கினது கிடையாது நான். உன்னை அப்படிக் கொடுத்துட்டேன். இதையாவது சரி பண்ணித் தருவோம்னு…"

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். "இதைச் சொல்ல இவ்வளவு நாளா? நீங்க என்மேல கோபமா இருக்கீங்கன்னு நினைச்சு நான் தினம் செத்துக்கிட்டிருந்தேன்" என்று அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"உன்மேல எனக்கென்னம்மா கோபம்?" என்றார். உண்மையாகவே புரியாமல் கேட்டார். அதற்கப்புறம்தான் அழுதேன். மாத்திரை வாங்கிக்கொண்டு வந்த அம்மா, மருந்து வீரியம் குறைந்து எனக்கு வலி எடுக்கிறது என்று நினைத்து நர்ஸைத் தேடி ஓடினாள்.

கட்டுப் பிரித்தபோது விரல் மடங்கியது, ஆனால் முரண்டு பிடித்தது. நுனியில் ஒரு பக்கம் உணர்ச்சி மந்தமாக இருந்தது. கவுன்ட்டரில் மீதி விரல்களால் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மேடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேட்காமைதான் பயமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கத்தியோடு வந்தார். அரம் போட்டு இரண்டு பக்கமும் உருட்டி மழுக்கியிருந்தார். என் கண் முன்னாலேயே தன் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்து அழுத்தி இழுத்தார். சிவப்பாக ஒரு கோடுகூட விழவில்லை. "இப்ப இது உன்னுது" என்றார்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். திறப்பது, மூடுவது. இறுக்கிப் பிடிக்காதே என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாலும், விரல் விரைத்து நிற்க, கத்தி விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் அப்பா கத்தியை வாங்கி, கட்டைவிரலால் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருவார். பிறகு மாடிப் படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். பார்க்கத் தைரியம் கிடையாது, விட்டுப் போகவும் மனசு வராது. தொப்பென்று சத்தம் கேட்டால் மட்டும், "கையை எடுத்தியா?" என்பார். எடுத்துட்டேன்ப்பா என்பேன்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில், நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். காப்பி குடிக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை உண்டு; டெஸ்டெல்லாம் ஸ்ரீரங்கத்திலேயே ஓர் இடத்தில் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

"எங்கப்பா?"

"உன் லேபுக்குத்தான்."

லேபில் நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி வைத்துக்கொண்டார். அங்கே ரத்தம் எடுக்கும் வேறு பெண் வந்தாள். "இல்லம்மா, என் பொண்ணு எடுக்கட்டும்" என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் கவுன்ட்டரை விட்டு எழுந்து உள்ளே போனேன்.

ரப்பர் பட்டியைக் கட்டினேன். ஸ்பேனர் பிடித்தே முறுக்கேறிய கை, நரம்பு புடைத்துத் தெரியும் என்று நினைத்திருந்தேன். வயசாகிவிட்டது, உள்ளே போய் ஒளிந்துகொண்டிருந்தது. தழும்பு விழுந்த விரலால் தடவினேன். மந்தமான நுனிக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலைக் கொஞ்சம் திருப்பி, உணர்ச்சி இருந்த பக்கத்தை வைத்துத் தேடினேன். குத்தினேன். நரம்பு நழுவியது, ரத்தம் வரவில்லை. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தேன். எனக்கு அழுகை முட்டியது.

அப்பா அந்தக் கையை மடக்கிக்கொண்டு மற்றக் கையை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதுல பாரு" என்றார். "இறுக்கிப் பிடிக்காத. நீதான சொல்லுவ."

புது ஊசியை எடுத்துத் தளர்த்திப் பிடித்தேன். கை அதுபாட்டுக்குப் போனது. குழாயில் ரத்தம் ஏறியது. எடுத்து முடித்து, பட்டியை அவிழ்த்து, பஞ்சை வைத்து மடக்கச் சொன்ன பிறகுதான், நடுங்குகிறதா என்று பார்க்க மறந்தது எனக்கு நினைவு வந்தது.

"வலிச்சுதாப்பா?"

"வலிக்கலம்மா" என்றார். கண் நிறைந்திருந்தது. அன்றைக்கு மாடியில் நான் சொன்ன பொய்யை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடக்கிக்கொண்டு எழுந்து இடம் விட்டார். நான் அடுத்தவரை வரச் சொன்னேன்.